கடற்கரைப் பாடசாலையில் நைற்றியா மீன் கல்: ஓரத்தில் வெள்ளைப் பொடி, மூலை உரிகிறது. என்ன செய்யலாம்?

உப்புவெளி_ரீச்சர்:

பாடசாலை விஞ்ஞான அறைக்கு மீன் உயிர்ச்சுவடு ஒன்று அன்பளிப்பாக வந்திருக்கிறது. இளமஞ்சள் கல்லுத் தட்டு, 21 × 15 சென்ரிமீற்றர், தடிப்பு 8 முதல் 9 மில்லிமீற்றர். நடுவில் கபில நிற மீன், மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 8.5 சென்ரிமீற்றர். பின்பக்கத் துண்டில் "நைற்றியா, வயோமிங்" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

அறை கடலிலிருந்து 200 மீற்றருக்குள். ஆடி மாதம் பிளைவூட் அலுமாரியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தோம். மாரி தொடங்கி ஒரு மாதத்துக்குள் கல்லின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. வலது கீழ் மூலையில் கல் தாள் தாளாக எழும்புகிறது. மீனின் வாலுக்கும் அந்த இடத்துக்கும் இன்னும் 2 சென்ரிமீற்றர் இடைவெளி உண்டு.

தெரிய வேண்டியவை: இது உண்மையில் நைற்றியாதானா, வர்ணம் பூசியதா? வெள்ளைப் பொடியை எப்படி எடுப்பது? மூலையை எதால் ஒட்டுவது? பிள்ளைகள் கேட்கும் இன்னொரு கேள்வி: இப்படி மீன் கல் திருகோணமலையிலும் கிடைக்குமா?

முன்பக்கம், பின்பக்கம், வால், தலை என்று நாலு படம் போட்டிருக்கிறேன்.

கல்லும்_எலும்பும்:

கடைசிக் கேள்விக்குப் பதில் சுருக்கம்: கிடைக்காது. கோணேசர் மலையைச் சுற்றி இருப்பதெல்லாம் பூமிக்குள் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறை. மீன் என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு முன்னமே இருந்த கல். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் சிப்பியும் முருகையும் இருக்கும், ஆனால் அது கடல் படிவு. உங்கள் மீன் நன்னீர் ஏரி மீன்.

இனி அடையாளம். படத்தில் முதலில் முதுகுச் செட்டை எங்கே நிற்கிறது என்று பாருங்க. உங்கள் மீனில் அது முதுகின் நடுவில், அதற்கு நேர் கீழே வயிற்றுச் செட்டை. குதச் செட்டை குட்டை. வால் ஆழமாகப் பிளந்திருக்கிறது. வயிற்று விளிம்பில் அரம் போலச் சின்னச் சின்னத் தகடுகள், தலைக்குப் பின்னிருந்து முதுகுச் செட்டை வரை முதுகிலும் ஒரு வரிசை. இது நைற்றியாதான். உடல் ஒடுக்கமாக இருப்பதால் நைற்றியா இயோசீனா என்று எழுதலாம். உடல் அகன்று, ஆள் குட்டையாக இருந்தால் நைற்றியா அல்டா.

குழப்பக்கூடியவை இரண்டு. ஒன்று, அதே ஏரியின் டிப்ளோமிஸ்டஸ். அதற்கு வாய் மேல்நோக்கித் திறக்கும், குதச் செட்டை நீளமாக வால் பக்கம் இழுபடும். முதுகுத் தகடுகளின் பின்விளிம்பு சீப்புப் பல் போலிருக்கும். குட்டி டிப்ளோமிஸ்டஸை நைற்றியா என்று விற்பது சாதாரணம். நைற்றியாவைப் பாதி விழுங்கியபடியே செத்துப்போன டிப்ளோமிஸ்டஸ் தட்டுகளும் உண்டு, அருங்காட்சியகங்களில் அவற்றுக்குத் தனி மரியாதை. மற்றது சீனத்து லைக்கொப்டெரா. அதுவும் நன்னீர் மீன், ஆனால் டைனோசர் காலத்தது. அதன் முதுகுச் செட்டை வெகு பின்னால், குதச் செட்டைக்கு நேர் மேலே இருக்கும், வயிற்றில் அரம் இருக்காது. சீனாவில் 2011 முதல் உயிர்ச்சுவடு வெளியே போவதற்குக் கடுமையான சட்டம் இருப்பதால், யாராவது மலிவாகத் தந்தால் எப்படி வந்தது என்று கேட்பது நல்லது.

காட்சித் துண்டில் எழுத: அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் கெமரர் ஊருக்கு அருகில் இருந்த பழைய ஏரிப் படிவு, பெயர் கிரீன் றிவர் படிவு. வயது சுமார் 52 மில்லியன் ஆண்டு, இயோசீன் காலம். நைற்றியா என்று பெயர் வைத்தவர் டேவிட் ஸ்டார் ஜோர்டன், 1907இல். வயோமிங் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் வில்பர் நைற்றின் பெயர். 1987இல் நைற்றியா வயோமிங் மாநிலத்தின் அடையாள உயிர்ச்சுவடாயிற்று. பக்கத்திலுள்ள ஃபொசில் பியூட் தேசிய நினைவிடத்தில் (1972) கல் எடுக்கத் தடை, விற்பனைக்கு வருபவை அதற்கு வெளியே உள்ள கிடங்குகளிலிருந்து.

வர்ணம் பற்றி: நைற்றியா அங்கே கூட்டம் கூட்டமாகக் கிடைக்கிறது, அதனால் முழு மீனையும் பொய்யாகச் செய்ய யாரும் மினக்கெடுவதில்லை. வால் நுனியையும் செட்டைக் கதிரையும் தீட்டி "முழுமை" ஆக்குவார்கள். 10 மடங்கு பெருக்கும் கண்ணாடியால் பாருங்க. எலும்பென்றால் மேடு பள்ளம், மினுக்கம், மெல்லிய வெடிப்பு தெரியும். வர்ணம் கல்லின் குழிக்குள்ளும் இறங்கி ஓடியிருக்கும், கதிர்கள் எல்லாம் ஒரே தடிப்பில் கோடு போட்டது போல நிற்கும். சந்தேகம் என்றால் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி அசிற்றோன் தொட்டு, வால் நுனியில் 3 மில்லிமீற்றர் இடத்தில் ஒருதரம் உருட்டுங்க. பஞ்சில் கபில நிறம் வந்தால் தீட்டல். நிறமில்லாமல் பிசுபிசுப்பு மட்டும் வந்தால் முன்பு யாரோ போட்ட பாதுகாப்புப் பூச்சு. உங்கள் படத்தில் வாலின் கீழ்க் கிளை எனக்குச் சந்தேகம், மிச்சம் சுத்தம்.

வெருகல்_மாஸ்டர்:

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. தண்ணியில் கழுவி வெயிலில் காயவைத்து, மரத்துக்கு அடிக்கிற கிளியர் லாக்கர் இரண்டு கோட் அடிச்சு விடுங்க. மூலைக்கு சுப்பர் குளூ. உப்புக் காத்து உள்ளே போகாது.

சுண்ணக்கல்:

மாஸ்டர் அண்ணன், கதவுக்குச் சரி, இந்தக் கல்லுக்குச் சரிவராது.

இது ஒரே கட்டியான கல் இல்லை. கல்சைற்று என்ற சுண்ணக் கனிமப் படையும், கெரோஜன் என்ற கரிமப் படையும் மாறி மாறி, ஒவ்வொன்றும் மில்லிமீற்றரிலும் குறைந்த தடிப்பில். தண்ணியில் போட்டால் ஓரத்தால் நீர் படைகளுக்கிடையில் ஏறும், காயும்போது விளிம்பு விரியும். அங்கே ஏற்கனவே மூலை எழும்பி நிற்கிறது. முன்பக்கம் லாக்கர் அடித்தால் உள்ளே இருக்கும் உப்பு வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்குக் கீழேயே பளிங்காகும் (படிகமாகும்). பூச்சு உரியும்போது எலும்பையும் கூட்டிக்கொண்டு போகும். அந்த எலும்பு எத்தனை தடிப்பென்று நினைக்கிறீர்கள்? விலா எலும்பு முடி அளவு.

சுப்பர் குளூ இறுகுவது ஈரத்தால். மாரியில் எங்கட ஊர்க் காற்றில் அது படைக்குள் இறங்க முன்னமே வாயிலேயே இறுகி, சுற்றிவர வெள்ளைப் புகை படியும். வெள்ளைப் பசை இன்னும் மோசம், அதில் தண்ணி இருக்கிறது, ஒவ்வொரு மாரிக்கும் திரும்ப இளகும்.

ரீச்சர், பொடியை எடுக்க முன் அது என்னவென்று பாருங்க. நாலு விதமான வெள்ளை வரலாம், நாலுக்கும் வைத்தியம் வேறு. ஊசி நுனியால் கொஞ்சம் சுரண்டி கண்ணாடித் தட்டில் வைத்து, காய்ச்சி வடித்த நீர் ஒரு துளி விடுங்க.

கரைந்து, காய்ந்த பின் பெருக்கும் கண்ணாடியில் சதுரப் பெட்டி போலப் பளிங்கு தெரிந்தால் கடல் உப்பு. கரைந்து, காய்ந்தபின் பஞ்சு போல, ஊசி ஊசியாக வந்தால் மரத்தின் அமில ஆவி கல்லோடு சேர்ந்து உண்டான உப்பு. நீரில் கரையாமல் ஒரு சொட்டு வினாகிரிக்கு நுரைத்தால் வெறும் கல் தூள், அதாவது கல்லே உதிர்கிறது. நுரைக்கவும் இல்லை, ஊசியால் இழுத்தால் சாம்பல் கோடாகப் பூசுப்படுகிறது என்றால் பூஞ்சணம். சோதனை கண்ணாடித் தட்டில் மட்டும். வினாகிரி மீன் கல்லுக்குக் கிட்டவும் போகக்கூடாது: எலும்பு பொஸ்பேற்று, ஓரளவு தாங்கும், அதைத் தாங்கி நிற்கும் சுண்ணக்கல் கரைந்துவிடும், பிறகு எலும்பு அந்தரத்தில் நிற்கும்.

உப்புவெளி_ரீச்சர்:

செய்து பார்த்தேன். முன்பக்க ஓரத்துப் பொடி: சதுரம் சதுரமாக. பின்பக்கம், பிளைவூட் தட்டில் பட்டிருந்த இடம்: ஊசி ஊசியாக. இரண்டும் நீரில் கரைகிறது. வால் நுனியில் பஞ்சில் கபில நிறம் வந்தது, கீழ்க் கிளையில் 6 மில்லிமீற்றர் வர்ணம்.

சுண்ணக்கல்:

அப்போ காரணம் இரண்டு, இரண்டையும் அந்த அலுமாரிதான் சேர்த்து வைத்தது.

கடல் உப்பு 75% சாரீரப்பதனுக்கு (காற்றின் ஈர அளவுக்கு) மேலே காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரையும், கீழே வந்தால் திரும்பப் பளிங்காகும். மாரியில் இரவு 75 இற்கு மேலே, மழை விட்ட மத்தியானம் கீழே. ஒவ்வொரு நாளும் கரைந்து, படைகளுக்கிடையில் இறங்கி, பளிங்காகி, ஆப்பு அடிப்பது போலத் தள்ளுகிறது. உங்கள் மூலை எழும்பியது அதனால்தான். ஈரம் கூடியிருப்பதை விட, ஏறி இறங்குவதுதான் பெரிய கேடு.

மற்றது பிளைவூட். அதன் பசையும் மரமும் விடும் அமில ஆவி மூடிய அலுமாரிக்குள் தேங்குகிறது, சுண்ணக்கல் அதைக் குடிக்கிறது. சிப்பிச் சேகரிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த வியாதி நல்ல பழக்கம். கல்லை இன்றைக்கே வெளியே எடுங்க. அலுமாரிக் கண்ணாடியை வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசையால் ஒட்டியிருந்தால் அதுவும் குற்றவாளி.

சுத்தம் செய்யும் முறை. கல்லைத் தட்டையாக, மெத்தென்ற துணியில் வையுங்க. நிமிர்த்திப் பிடிக்க வேண்டாம், ஒரு கையால் ஓரத்தில் தூக்கவே வேண்டாம், கீழே அட்டை கொடுத்துத் தூக்குங்க. புதிய, மிருதுவான முகப்பூச்சுத் தூரிகையால் மீனின் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தட்டுங்க. தூசி உறிஞ்சியின் வாயில் நுளம்பு வலைத் துண்டு கட்டி 5 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தால் பொடி திரும்பப் படியாது. உலர்வேலையிலேயே முக்கால்வாசி போய்விடும்.

ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு: காய்ச்சி வடித்த நீரும் எத்தனோலும் சம பங்கு. பஞ்சுக் குச்சியை நனைத்து, தாளில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் உருட்டுங்க, தேய்க்க வேண்டாம். ஒரு குச்சி ஒரு உருட்டல், பிறகு எறியுங்க. கிணற்றுத் தண்ணி கூடாது, அதிலேயே உப்பும் சுண்ணாம்பும் இருக்கிறது. எழும்பிய மூலைக்கும் மீனின் மேலும் ஈரக் குச்சி போகக்கூடாது.

கல்லும்_எலும்பும்:

மூலை ஒட்டுவதை நான் சொல்கிறேன்.

வேண்டியது பரலொயிட் பி-72 என்ற அக்கிரிலிக் மணிகள், தூய அசிற்றோன், முழுக்கப் பிளாஸ்ரிக்கான ஊசிக்குழல் (உள்ளே இறப்பர் இருந்தால் அசிற்றோனில் ஊதி இறுகிவிடும்), கட்டுப்போடும் வலைத்துணி, மெல்லிய பொலித்தீன், மணல். நகப்பூச்சு அகற்றியை அசிற்றோன் என்று வாங்கிவிடாதீர்கள், அதில் நீரும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

5 கிராம் மணியை வலைத்துணியில் முடிந்து, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் அசிற்றோனுக்குள் தொங்கவிட்டு 100 மில்லிலீற்றர் வரை நிரப்புங்க. அடுத்த நாள் கரைந்திருக்கும். சும்மா கொட்டினால் அடியில் ஒட்டி ஒரு கட்டியாகக் கிடக்கும், இரண்டு நாள் கிண்டினாலும் அசையாது. இது 5% கரைசல். இன்னொரு போத்தலில் 10% கரைசல்.

முதலில் பிளவுக்குள் வெறும் அசிற்றோன் ஒரு துளி, அது வழி திறக்கும். உடனே 5% கரைசலைப் பிளவின் வாயில் துளி துளியாக வைத்தால் தானாக உள்ளே இழுபடும். ஊசியைப் பிளவுக்குள் தள்ளினால் படை உடையும். அரை மணி விட்டு 10% கரைசல். வெளியே வழிந்ததை அசிற்றோன் குச்சியால் அப்போதே துடையுங்க. மேலே பொலித்தீன், அதன் மேல் 250 கிராம் மணல் நிரப்பிய சிறு பை. செங்கல் வைக்காதீர்கள். 24 மணி நேரம்.

எப்போது செய்வது என்பதில்தான் எங்கட ஊரில் வழுக்கும். அசிற்றோன் ஆவியாகும்போது கல்லின் முகம் குளிரும், ஈரக் காற்றென்றால் அதில் நீர் ஒடுங்கும், பூச்சு பால் போல வெளுக்கும். சாரீரப்பதன் 60% இற்குக் கீழே வேண்டும். மாரியில் வேண்டாம். மாசி பங்குனியில் ஒரு வெயில் நாள், அல்லது கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை 11 மணிக்குப் பிறகு. அதுவரைக்கும் மூலைக்கு மேல் பொலித்தீன் துண்டு வைத்து, அசையாமல் பெட்டிக்குள் விடுங்க. வெளுத்துவிட்டால் பயப்பட வேண்டாம், உலர்ந்த நாளில் அசிற்றோன் தொட்டால் தெளியும். இந்தப் பசையை நம்புவதே அதற்காகத்தான்: பிழைத்தால் திரும்ப எடுக்கலாம். யன்னல் திறந்து, அடுப்பும் சுவிச்சும் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்க.

ஒன்று மறந்துவிட்டேன். பி-72 சுமார் 40 பாகையில் இளகத் தொடங்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோகும்போது மூடிய வாகனத்துக்குள் மத்தியானம் விட்டுவிட்டால் ஒட்டு நழுவிவிடும். தகரக் கூரைக்குக் கீழே உள்ள மேல் தட்டும் அப்படித்தான்.

வாலில் இருக்கும் வர்ணத்தை எடுக்காமல் விடலாம், ஆனால் துண்டில் "வாலின் கீழ் நுனி தீட்டப்பட்டது" என்று எழுதுங்க.

சுண்ணக்கல்:

பெட்டி. இறப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பொலிப்புறப்பிலீன் உணவுப் பெட்டி போதும், மூடி தெளிவாக இருந்தால் அதுவே காட்சிப் பெட்டி. உள்ளளவு 28 × 22 × 8 சென்ரிமீற்றர் என்றால் ஏறக்குறைய 5 லீற்றர். லீற்றருக்கு 20 கிராம் கணக்கில் 100 கிராம் சிலிக்கா ஜெல். செம்மஞ்சள் நிறம் மாறும் வகை வாங்குங்க, நீல வகையில் கோபால்ற்று உண்டு, பாடசாலைக்கு வேண்டாம்.

புதிய ஜெல்லை அப்படியே போடுவதுதான் எல்லாரும் விடும் பிழை. அது பெட்டியை 20% இற்குக் கீழே உலர்த்தும், கரிமப் படை சுருங்கி புது வெடிப்பு வரும். இலக்கு 45 முதல் 55%. வெறும் பெட்டிக்குள் ஜெல்லையும் ஈரப்பதமானியையும் வைத்துப் பாருங்க. 40 இற்குக் கீழ் என்றால் மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைத்து மூடி, அடுத்த நாள் திரும்பப் பாருங்க. 60 இற்கு மேல் என்றால் பாதி ஜெல்லை 110 பாகை வெதுப்பியில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தி, ஆறவிட்டு, மற்றப் பாதியோடு கலங்க. நின்ற பிறகுதான் கல்.

மலிவான ஈரப்பதமானி பிழையாகக் காட்டும். அதைச் சரிபார்க்க உப்புத்தான் உதவும்: இரண்டு தேக்கரண்டி கறியுப்பைச் சில துளி நீரில் ஈர மணல் போலக் குழைத்து, போத்தல் மூடியில் வைத்து, மானியோடு சேர்த்து இறுக்கமான பையில் 10 மணி நேரம் வையுங்க. 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் எப்போதும் 4 கழியுங்க.

கல்லுக்குக் கீழே வெள்ளை பொலித்தீன் நுரைத் தாள், மீனின் ஓரத்தைத் தொடாமல் நாலு பக்கமும் நுரைக் கட்டை. துணி, செய்தித்தாள், வேட்டித் துண்டு எதுவும் வேண்டாம்.

சூடைக்கருவாடு:

பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள், கையின் வியர்வையும் உப்புத்தானே. கல்லைத் தொட விடாமல் பக்கத்தில் ஒரு சூடையை வையுங்க ரீச்சர். நைற்றியா சூடை, சாளை, கீரி மீன் எல்லாம் சேர்ந்த குடும்பம்தான். சந்தையில் 10, 12 சென்ரிமீற்றர் சூடை வாங்கி, கழுத்திலிருந்து குதம் வரை அல்ல, குதத்திலிருந்து கழுத்துப் பக்கம் விரலை வயிற்றோரமாக ஓட்டச் சொல்லுங்க. அரம் போலப் பிராண்டும். மீன் வெட்டும் அம்மாமாருக்கு அந்த விளிம்பு நல்லாத் தெரியும். கல்லில் தெரியும் அதே தகடுதான்.

எலும்பாகக் காட்ட வேண்டுமென்றால், கொதிக்காத சூட்டில் மூன்று நாலு நிமிடம் மட்டும் வையுங்க. கூடினால் தகடுகள் கழன்று சிதறும். ஒரு பக்கச் சதையை முள்ளுக் குறடால் வாலிலிருந்து தலைப் பக்கம் உரித்து, மற்றப் பக்கத்தை அப்படியே விட்டால் முள்ளந்தண்டு, விலா, தகடு எல்லாம் கல்லில் கிடப்பது போலவே கிடக்கும். வயிற்றுத் தகடு தனியாகக் கழன்றால் வீசாதீங்க, பெருக்கும் கண்ணாடியில் ஆங்கில வீ எழுத்துப் போல இரண்டு கை விரித்து வயிற்றைக் கவ்வும் வடிவம் தெரியும்.

"கடல் மீன் சாதி ஏரியில் எப்படி?" என்று யாராவது கேட்பார்கள். வங்காளத்து இலிசாவும் இந்தச் சாதிதான், ஆறேறிப் போய்த்தான் முட்டை போடுகிறது.

உப்புவெளி_ரீச்சர்:

கல் அலுமாரியிலிருந்து எடுத்தாயிற்று. உலர் தூரிகையால் முன்பக்கம் முடிந்தது. மானி உப்புச் சோதனையில் 81 காட்டுகிறது, 6 கழிக்கிறேன். ஒரு கேள்வி: பிளைவூட் அலுமாரியையே வார்னிஷ் அடித்துத் திரும்பப் பாவிக்கலாமா?

சுண்ணக்கல்:

புது வார்னிஷும் பல கிழமைக்கு ஆவி விடும். மீன் கல் பெட்டிக்குள் மூடியபடி இருந்தால், அந்தப் பெட்டியைக் கண்ணாடி இல்லாத இரும்பு றாக்கையில் வையுங்க. யன்னல் பக்கச் சுவரில் வேண்டாம், கடல் பக்கம் பார்க்காத உட்சுவரில். பிளைவூட் அலுமாரிக்குள் மண் மாதிரிகளையும் கருங்கல்லையும் போடலாம். சங்கு, சிப்பி, முருகைக்கல் இருந்தால் அவற்றையும் இன்றைக்கே வெளியே எடுங்க, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, ஊசிப் பொடி அங்கேயும் இருக்கும்.